கணக்குப் போட்டவர்கள் எப்போது அதிகாரி ஆனார்கள்?

டாரதி வானை 'ஹிடன் ஃபிகர்ஸ்' என்ற சினிமாவில் பார்த்தவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். நாசாவின் லாங்லி ஆய்வகத்தில் புதிதாக வந்திறங்கிய ஐபிஎம் இயந்திரத்தைத் தானாகவே கற்றுக்கொண்ட கறுப்பினப் பெண், 1960-களின் தொடக்கத்தில், கடைசிக் காட்சிகளில் சூப்பர்வைசர் ஆகிவிடுகிறார். நடந்தது தலைகீழ். அவர் சூப்பர்வைசர் ஆனது 1949-ல். அந்தப் பதவி பறிபோனது 1958-ல். அதன்பிறகு 1971-ல் ஓய்வு பெறும்வரை இன்னொரு மேலாளர் பதவிக்கு முயன்றார், கிடைக்கவே இல்லை.

சினிமாவை நான் குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் கதையை முடிக்க வேண்டும், மக்கள் கைதட்ட வேண்டும். ஆனால் பின்தங்கிய நிலையிலிருந்து வரும் பெண்களை அறிவியல் துறையில் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவர நினைக்கிறவர்களுக்கு, சினிமா விட்டுவிட்ட பகுதியில்தான் பாடம் இருக்கிறது. கெட்டிக்காரப் பெண்ணை வேலைக்கு எடுப்பது ஒரு காரியம். அவர் கையில் ஒரு குழுவை ஒப்படைப்பது வேறு காரியம். முதல் காரியத்தைப் போர் அவசரத்தில் லாங்லி இரண்டே ஆண்டில் செய்துவிட்டது. இரண்டாவது காரியம் ஒருமுறை நடந்து, கலைந்து, திரும்ப நடக்க நாற்பது ஆண்டு பிடித்தது.

வாசல் திறந்த விதம்

லாங்லி ஆய்வகம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹாம்ப்டன் நகரில் 1917-ல் தொடங்கியது. நாசாவுக்கு முன்பிருந்த நாகா என்ற விமானவியல் ஆலோசனைக் குழுவின் ஆய்வகம் அது. காற்றுச் சுரங்கத்துக்குள் விமான மாதிரியை நிறுத்திக் காற்றைப் பாய்ச்சுவார்கள். அழுத்தம், இழுவை, தூக்குவிசை என்று வரிசை வரிசையாக அளவுகள் வந்து விழும். அவற்றை வரைபடமாக மாற்றுவதற்குள் ஆயிரக்கணக்கான பெருக்கல் வகுத்தல்கள். பொறியாளர்களுக்கு அது சலிப்பான வேலை. 1935-ல் ஐந்து வெள்ளைப் பெண்களை வைத்து ஒரு கணிப்பு அறையை உருவாக்கினார்கள். அந்த வேலையின் பெயர் 'கம்ப்யூட்டர்'. அந்தச் சொல் அப்போது ஓர் ஆளைக் குறித்தது. பெரும்பாலும் ஒரு பெண்ணை.

ஆண் கணிதப் பட்டதாரி வந்தால் பொறியாளர் குழு, பெண் கணிதப் பட்டதாரி வந்தால் கணிப்பு அறை. இப்படி எந்த விதியும் எழுதி வைத்ததாக இருக்க வேண்டியதில்லை, வழக்கமே விதியாக இருந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்து இதே இடத்தில் ஒருவர் கேள்வி கேட்பார்.

இரண்டாம் உலகப் போர் ஆள் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. அது மட்டும் கதவைத் திறந்திருக்காது. ரயில்வே தொழிலாளர் சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப், கறுப்பின மக்களைத் திரட்டி வாஷிங்டனை நோக்கி ஊர்வலம் வரப்போவதாக அறிவித்தார். ஊர்வலத்தைத் தவிர்க்க 1941 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் 8802 என்ற ஆணையில் கையெழுத்திட்டார்: பாதுகாப்புத் தொழில்களிலும் அரசு வேலைகளிலும் இனம் பார்த்து ஆள் எடுக்கக் கூடாது. 1943-ல் லாங்லிக்குள் கறுப்பினப் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் வந்தவர் டாரதி வான். (ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கு நம் 'வானம்' பொருள் கிடையாது என்றாலும், ராக்கெட்டுக்குக் கணக்கு எழுதியவருக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததை ஒரு தமிழ் வாசகர் ரசிக்காமல் கடக்க முடியாது.) 1910-ல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். அது 1929, பொருளாதார வீழ்ச்சி வந்த ஆண்டு. மேற்படிப்பை விட்டுவிட்டுக் குடும்பத்துக்காக ஆசிரியை ஆனார். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில், ராபர்ட் மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். சம்பளம் போதாமல் 1943 கோடை விடுமுறையில் கேம்ப் பிக்கெட் ராணுவ முகாமின் சலவைக்கூடத்தில் மணிக்கு 40 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். கணிதப் பட்டதாரி, சிப்பாய்களின் துணி மூட்டைகளுக்கு நடுவே. லாங்லி வேலையில் ஆசிரியைச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கிடைத்தது. நான்கு பிள்ளைகளைக் கணவர் வீட்டாரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். போர் முடிந்தால் இந்த வேலையும் முடிந்துவிடும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

அதிபரின் ஆணை வேலைக்கு எடுக்கச் சொன்னது. எங்கே உட்கார வைப்பது என்று சொல்லவில்லை. வர்ஜீனியாவில் இன ஒதுக்கல் சட்டமாகவே இருந்தது. ஆகவே வளாகத்தின் மேற்குப் பக்கத்தில் தனி அறை, தனிக் கழிப்பறை. சாப்பாட்டுக் கூடத்தில் தனி மேசை, அதன்மேல் 'கலர்டு கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு பலகை. மிரியம் மேன் என்ற கணிப்பாளர் ஒருநாள் அந்தப் பலகையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சில நாளில் புதுப் பலகை வந்தது. அதையும் எடுத்தார். திரும்ப வந்தது, திரும்ப எடுத்தார். கடைசியில் ஓய்ந்துபோனது பலகைதான்.

தனி அறையின் தலைவி

1949-ல் மேற்குக் கணிப்பு அறையின் பொறுப்பு டாரதி வானிடம் வந்தது. நாகாவின் முதல் கறுப்பின சூப்பர்வைசர். அதற்குமுன் அந்த அறையை வெள்ளைப் பெண்களே நிர்வகித்து வந்தார்கள்.

அந்த நாற்காலியில் என்ன அதிகாரம் இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பொறியாளர்கள் தங்கள் வேலைக்கு ஆள் கேட்டு அவரிடம்தான் வருவார்கள். எந்தப் பெண்ணை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்பது அவர் வாக்கு. கடினமான வேலை என்றால் 'நீங்களே செய்து கொடுங்கள்' என்று கேட்பார்கள். தன் அறைப் பெண்களுக்கு மட்டும் அவர் வாதாடவில்லை. மற்ற அறைகளில் இருந்த வெள்ளைப் பெண்களுக்கும் சம்பள உயர்வு, பதவி உயர்வு கேட்டுப் பேசியிருக்கிறார். கணிப்பு இயந்திரங்களில் இயற்கணிதத்தைக் கையாளும் முறைகள் பற்றி ஒரு கையேடும் வெள்ளைச் சக கணிப்பாளர்களோடு சேர்ந்து தொகுத்தார்.

1953-ல் கேத்தரின் ஜான்சன் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த அதிகாரம் எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். வந்து இரண்டே வாரத்தில் அவரை விமானப் பறப்பு ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார் டாரதி. தற்காலிக வேலைதான். மாதங்கள் ஓடின. வேலை நிரந்தரம்போல நடந்தது, சம்பளம் மட்டும் தற்காலிகமாகவே நின்றது. டாரதி நேரே போய்ப் பேசினார்: ஒன்று சம்பளத்தை உயர்த்துங்கள், இல்லையென்றால் என் பெண்ணை என்னிடமே திருப்பி அனுப்புங்கள். கேத்தரின் அங்கேயே நிரந்தரமானார். விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1962-ல் பூமியைச் சுற்றுவதற்கு முன் 'அந்தப் பெண் எண்களைச் சரிபார்க்கட்டும்' என்றது இவரைத்தான். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்ததற்குப் பின்னால் ஒரு சூப்பர்வைசரின் பேரம் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை. 'திருப்பி அனுப்பு' என்று சொல்ல, திரும்பி வர ஓர் அறை இருக்க வேண்டும். அந்த அறைக்கு ஒரு தலைவி இருக்க வேண்டும்.

1958-ல் நாகா கலைந்து நாசா பிறந்தது. ஒதுக்கல் அறைகள் மூடப்பட்டன. மேற்குக் கணிப்பு அறையும் போனது. போக வேண்டியதுதான், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அறை போனபோது, அந்த ஆய்வகத்தில் ஒரு கறுப்பினப் பெண் தலைவியாக இருந்த ஒரே இடமும் சேர்ந்து போனது. பெண்கள் பல பிரிவுகளுக்குப் பிரிந்தார்கள். டாரதி வான் புதிய கணிப்புப் பிரிவில் சாதாரண உறுப்பினராகச் சேர்ந்தார். இயந்திரம் வந்தால் மனிதக் கணிப்பாளர் வேலை போய்விடும் என்று முன்பே உணர்ந்து ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியைக் கற்றிருந்தார். அதில் வல்லவராகி ஸ்கவுட் ராக்கெட் திட்டத்துக்குப் பங்களித்தார். தலைமை மட்டும் திரும்பவில்லை.

நம் பக்கத்தில் மாணவர் குறைந்த இரண்டு பள்ளிகளை இணைக்கும்போது ஒரு தலைமையாசிரியர் 'உபரி' ஆவார். யார் உபரி என்பது எப்படியோ தீர்மானமாகிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பள்ளிகளில் இன ஒதுக்கல் ஒழிந்தபோதும் இதுவே நடந்தது: பல ஆயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். லாங்லியில் யாரும் வேலை இழக்கவில்லை என்பதால் இழப்பு கண்ணில் படவில்லை. கணக்கில் பார்த்தால் எல்லோரும் 'சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள்'. சூப்பர்வைசர் என்ற சொல் மட்டும் ஒருவர் பெயருக்குப் பின்னாலிருந்து உதிர்ந்தது.

மேரி ஜாக்சன் கேட்டு வாங்கிய இறக்கம்

மேரி ஜாக்சன் ஹாம்ப்டனிலேயே பிறந்தவர், 1921-ல். கணிதமும் இயற்பியல் சார்ந்த அறிவியலும் படித்துவிட்டு ஆசிரியை, வரவேற்பாளர், கணக்கு எழுதுபவர், ராணுவ அலுவலகச் செயலர் என்று சுற்றி 1951-ல் டாரதியின் அறைக்கு வந்தார். இரண்டு ஆண்டு கழித்து ஒருநாள் கிழக்குப் பக்க வேலைக்குப் போனவர், அங்கிருந்த வெள்ளைப் பெண்களிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டார். உன் கழிப்பறை எங்களுக்கு எப்படித் தெரியும் என்று சிரித்தார்கள். கொதிப்போடு திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட பொறியாளர் சார்னெக்கியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவர் சமாதானம் சொல்லவில்லை. என்னிடம் வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார்.

சார்னெக்கியின் இடம் 60,000 குதிரைத்திறன் கொண்ட, ஒலியின் வேகத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில் காற்றைப் பாய்ச்சும் சுரங்கம். அங்கே மேரி கணக்கோடு சோதனைகளையும் செய்தார். கொஞ்ச நாளில் சார்னெக்கி, நீங்கள் பொறியாளர் ஆகலாமே என்றார். அதற்குச் சில மேல்நிலைக் கணித, இயற்பியல் பாடங்கள் தேவை. வர்ஜீனியா பல்கலைக்கழகம் அவற்றை வேலை நேரத்துக்குப் பிறகு நடத்தியது. வகுப்பு நடந்த இடம் ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளி, வெள்ளையருக்கு மட்டும். தான் பிறந்து வளர்ந்த ஊரின் பள்ளிக்குள் மாலையில் போய் உட்கார அவர் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1958-ல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அதே ஆண்டு, கூம்பு வடிவங்களின் மேல் ஒலிமிஞ்சிய வேகத்தில் காற்றோட்டம் எப்படி மாறுகிறது என்ற ஆய்வறிக்கையில் அவர் பெயர் வந்தது.

இந்த அனுமதிச் சீட்டுக் கதையைப் பலரும் வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி எரிச்சல்தான் மிஞ்சுகிறது. பயிற்சி இருந்தது, ஆர்வம் இருந்தது, பரிந்துரைக்க மேலதிகாரி இருந்தார். தடை வகுப்பறையின் முகவரியில் இருந்தது. இன்றைக்கும் பெண்களுக்கான பயிற்சித் திட்டங்களில் பாடத்திட்டத்தை மெருகேற்றுவதற்குக் குழு மேல் குழு போடுகிறோம். வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் அதே அக்கறையோடு கேட்பதில்லை.

அடுத்த இருபது ஆண்டில் மேரி ஜாக்சன் ஆராய்ச்சிப் பொறியாளராகத் தன்னால் எட்டக்கூடிய உச்சத்தை எட்டினார். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் நிர்வாகப் பதவி வேண்டும். அந்தப் படி அவருக்குத் திறக்கவே இல்லை. 1979-ல் அவர் எடுத்த முடிவு இந்த வரலாற்றிலேயே விசித்திரமானது: தன் தரநிலையைக் குறைத்துக்கொண்டு, சமவாய்ப்பு அலுவலகத்தில் பெண்கள் திட்ட மேலாளர் பதவியை ஏற்றார். பொறியியலை விட்டு, மற்ற பெண்கள் ஏன் மேலே போகவில்லை என்று பார்க்கும் வேலைக்குப் போனார்.

அங்கே அவர் கண்டுகொண்டவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒருவருக்கு இரண்டு பாடங்கள் குறைகின்றன, அவ்வளவுதான். இன்னொருவர் உட்கார்ந்திருக்கும் பிரிவில் வளர்ச்சியே கிடையாது. வேறொருவருக்குப் பதவி உயர்வு பேச உதவாத வேலைகளே தரப்படுகின்றன. ஒருவர் 'கணிதவியலாளர்' என்று பதிவாகியிருக்கிறார். 'பொறியாளர்' என்று மாற்றினால் மேலே போக வழி இருக்கிறது. எவற்றைப் படிக்கலாம், எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினார். 1985-ல் ஓய்வு பெறும்வரை இதுதான் வேலை.

காகிதத்தின் வலிமைக்குக் கேத்தரின் ஜான்சனிடமும் ஓர் உதாரணம் உண்டு. விண்கலப் பாதை பற்றிய ஆய்வறிக்கையில் அவரோடு வேலை செய்த பொறியாளர் டெட் ஸ்கோபின்ஸ்கி ஹூஸ்டனுக்கு மாற்றலாகிப் போகத் துடித்தார். அறிக்கையை முடித்துவிட்டுப் போ என்றார் மேலதிகாரி. கேத்தரின் முடிக்கட்டும், பெரும்பாலான வேலையை அவர்தானே செய்திருக்கிறார் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார் ஸ்கோபின்ஸ்கி. 1960-ல் அறிக்கை கேத்தரின் பெயரோடு வந்தது. அந்தப் பிரிவில் ஒரு பெண்ணின் பெயர் ஆசிரியராக அச்சேறியது அதுவே முதல் தடவை.

கிறிஸ்டின் டார்டனின் கேள்வி

1967-ல் வந்தவர் கிறிஸ்டின் டார்டன். பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலைப் பட்டம். அவரையும் கணிப்பு அறையில் போட்டார்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்ப இரண்டு ஆண்டுதான் பாக்கி, ஆனால் பெண்ணென்றால் கணிப்பு அறை என்ற 1935-ன் வழக்கம் அப்படியே இருந்தது. சும்மா இருக்காமல், கையால் செய்யும் கணக்குகளைத் தானே செய்துகொள்ளும் நிரல்களை எழுதினார். ஐந்து ஆண்டு போனது. ஒருநாள் தன் மேலதிகாரியையும் தாண்டி அவருக்கும் மேலே இருந்தவரிடம் போய்க் கேட்டார்: என்னைப் போலவே படித்த ஆண்கள் பொறியாளர் குழுவுக்குப் போகிறார்கள், பெண்கள் ஏன் கணிப்பு அறைக்குப் போகிறோம்?

இதுவரை யாரும் குறை சொன்னதில்லையே என்ற பொருளில்தான் பதில் வந்தது. நேர்மையான பதில் என்றே நினைக்கிறேன். அவர் உண்மையாகவே யோசித்திருக்க மாட்டார். 1973-ல் டார்டன் பொறியாளர் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அவர் கேட்ட தைரியத்தோடு காலமும் ஒத்துழைத்தது: 1967-ல் அரசு வேலையில் பால் வேறுபாட்டுக்குத் தடை வந்திருந்தது, 1972-ல் சமவாய்ப்புச் சட்டம் அரசுத் துறைகளுக்கும் விரிந்திருந்தது. கேள்வியைத் தட்டிக்கழித்தால் அது புகாராக மாறக்கூடிய காலம்.

அவருக்குக் கிடைத்த வேலை ஒலிமுழக்கம். ஒலியை மிஞ்சும் விமானத்தின் முனை, சிறகு, வால் என்று ஒவ்வொரு இடத்திலிருந்தும் கிளம்பும் அதிர்வலைகள் கீழே வருவதற்குள் ஒன்றுசேர்ந்து, தரையில் வெடிச்சத்தமாக விழும். அதே 1973-ல்தான் அமெரிக்கா தன் நிலப்பரப்பின்மேல் பயணிகள் விமானம் ஒலிமிஞ்சிய வேகத்தில் பறக்கத் தடை போட்டது. முனையையும் சிறகையும் எந்த வடிவில் அமைத்தால் அலைகள் சேராமல் பிரிந்தே வரும் என்று கணக்கிடும் நிரலை எழுதினார் டார்டன். வேலையில் இருந்துகொண்டே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்து 1983-ல் இயந்திரப் பொறியியலில் முனைவர் ஆனார்.

முனைவர் பட்டம் போதவில்லை. மேல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது. இந்த இடத்தில் மேரி ஜாக்சனின் நண்பர் குளோரியா ஷாம்பைன் வருகிறார். வெள்ளைப் பெண், சமவாய்ப்பு அலுவலக ஊழியர். அவர் ஒரு படம் வரைந்தார். டார்டன், அவரைப் போன்ற தகுதியோடு வேலைக்கு வந்த ஒரு வெள்ளை ஆண், இருவரின் பதவி வளர்ச்சியும் பக்கத்தில் பக்கத்தில். அதைத் துறைத் தலைவர் முன் வைத்தார். அவருக்கு அதிர்ச்சி, இத்தனைக்கும் இரண்டு கோப்புகளும் எப்போதும் அவர் துறைக்குள்தான் இருந்தன. பதவி உயர்வு வந்தது. 1989-ல் டார்டன் லாங்லியின் ஒலிமுழக்கக் குழுவுக்குத் தொழில்நுட்பத் தலைவர். பின்னர் அந்த ஆய்வகத்தில் மூத்த நிர்வாகப் பணி நிலைக்கு உயர்ந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே.

இந்தக் கதை சொல்லாதது

திறமை கடைசியில் வெல்லும் என்று இதை வாசிக்கலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. நால்வரில் திறமை குறைந்தவர் யாருமில்லை. வேறுபாடு, யார் பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதில். டாரதிக்குப் பின்னால் அந்த அறை இருந்தவரை அவரால் மற்றவர்களை ஏற்றிவிட முடிந்தது. அவரை ஏற்றிவிட மேலே ஒருவர் இல்லை. மேரிக்கு சார்னெக்கி இருந்தார், ஆனால் பொறியாளர் ஆக்குவதுவரைதான் அவர் கை நீளும். டார்டன் காலத்தில் சட்டமும், அந்தச் சட்டத்தை அமல்படுத்த ஓர் அலுவலகமும், அந்த அலுவலகத்தில் அக்கறையோடு கோப்புகளைப் புரட்டுகிறவர்களும் சேர்ந்து அமைந்தார்கள். அந்த அக்கறையை அங்கே வளர்த்தவர்களில் ஒருவர், படியிறங்கி வந்த மேரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. இவர்கள் பின்தங்கிய நிலையிலிருந்து வந்தவர்கள் என்றாலும் கல்லூரி முடித்து வந்தவர்கள். வில்பர்ஃபோர்ஸ், ஹாம்ப்டன் போன்ற கறுப்பினக் கல்லூரிகள் பல பத்தாண்டுகளாகக் கட்டிவைத்த அடித்தளத்தின்மேல்தான் லாங்லி வீடு கட்டியது. அந்த அடித்தளத்துக்கே வராதவர்களைப் பற்றி இந்தக் கதை பேசாது. அதற்கு டாரதி வான் கணக்கு நடத்திய ஃபார்ம்வில்லுக்குப் போக வேண்டும். மோட்டன் பள்ளி 180 பிள்ளைகளுக்காகக் கட்டியது. 450-க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள், தார் அட்டை ஒட்டிய கொட்டகைகளில். 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவியின் தலைமையில் பிள்ளைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிலிருந்து பிறந்த வழக்கு, பள்ளிகளில் இன ஒதுக்கல் செல்லாது என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இணைந்தது. தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத அந்த மாவட்ட நிர்வாகம் 1959-ல் அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் இழுத்து மூடியது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கறுப்பினக் குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுக்கு முறையான பள்ளி எதுவும் வரவில்லை.

லாங்லியில் டாரதி ஃபோர்ட்ரான் எழுதிக்கொண்டிருந்தார். ஃபார்ம்வில்லில் 1959-ல் ஆறு வயதில் முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தைக்கு, 1964-ல் அரசுப் பள்ளி திரும்பத் திறந்தபோது வயது பதினொன்று.